நாலாம் பாட்டின் இழுவை

என் வாழ்நாளில் நான் ஓடிய சைக்கிள்களில் ஆகக் கூடுதலான தூரம் ஓடியது, நின்ற இடத்தை விட்டு ஒரு முழமும் அசையாத ஒரு சைக்கிள்தான். எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடையின் பின்னறையில், மா மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில், பின்சில்லு நிலத்தில் படாதபடி அதை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சில்லோடு ஒட்டிய டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் புறப்பட்டு, பருப்பு மூட்டையின்மேல் இருந்த கசெற் றேடியோவுக்குள் போகும். பொருளாதாரத் தடையால் பற்றறி என்ற சாமானைக் கண்ணால் கண்டு வருடக் கணக்கான காலம் அது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் யாராவது மிதிக்க வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பாதியில், கண்டாவளைப் பக்கத்தில், பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை பூட்டியதும் அப்படி ஏறி மிதித்தவள் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு செய்த வேலைகளில் நிலைத்தது சங்கக்கடை நிறுவை மட்டும்தான். நிறுவைக்கு என்னைப் போன்ற ஆள் நல்லம் என்று மனேச்சர் சொல்லுவார். ஒரு கிலோ சீனியை மூன்று தரம் நிறுத்தபிறகும் எனக்கு மனம் ஆறாது. வீட்டுக்குப் போன பிறகு, தராசுத் தட்டில் ஈரம் இருந்ததோ, ஈரத்தின் பாரம் சனத்தின் கணக்கில் போய்விட்டதோ என்று அந்தரப்படுவேன். இரவில் எழும்பி அடுப்பைப் பார்ப்பேன். அடுப்பைப் பார்த்தபிறகு, பார்த்ததைச் சரியாகப் பார்த்தேனோ என்று திரும்பப் போவேன். என்னுடைய தங்கச்சி, "அக்காவுக்கு யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாட்டி, ஏன் ஒண்டும் இல்லை எண்டு யோசிப்பா" என்பாள். பகிடிக்குச் சொல்வதுதான். ஆனால் உண்மையில் அப்படி நான் யோசித்ததும் உண்டு.

மனேச்சர் வேறு மாதிரியான ஆள். அகலமான நெஞ்சு, எண்ணெய் வைத்து மேவி இழுத்த தலை, எதையும் தீர்ப்புச் சொல்வது போலச் சொல்கிற குரல். அவர் வவுனியாவில் வேலை பழகிக்கொண்டிருந்த இளவட்டக் காலத்தில், அங்கே நடந்த ஒரு களியாட்ட விழாவில், கொழும்பிலிருந்து வந்த பொப் இசைக்குழு ஒன்றை ரிக்கற்றுக்குக் காசில்லாமல் வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். பெல்பொட்டம் போட்ட ஐந்து பேர். எட்டுத் தமிழ்ப் பாட்டு. அந்த எட்டும் பிறகு ஒரே இசைத்தட்டாக வந்து, அந்த நாளில் வானொலியைத் திறந்தால் அதுதான் என்ற அளவுக்குப் பேர் எடுத்ததாம். மனேச்சருக்கு அந்த வேலி மனத்தை விட்டுப் போகவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது வேலிக்கு உள்ளே நின்று அந்த எட்டுப் பாட்டையும், அதே ஒழுங்கில், ஒரு சொட்டும் பிசகாமல் வாசித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காகவே குழு சேர்த்தார். கிற்றார் அவர். பாட்டுக்கு, சந்தியில் பேக்கரி வைத்திருந்த பாண்காரர். ட்றம்ஸுக்கு, விசுவமடுவில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். அவருடைய தாய் தகப்பன் மலையகத்தில் தோட்டத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். அவருடைய பேச்சில் அந்த மலைநாட்டு இழுப்பு மாறவே இல்லை. இன்னும் இரண்டு பேர் வந்து போவார்கள்.

பாட்டைப் பழகுவதற்கு ஒரே வழி, யாரோ இசைத்தட்டிலிருந்து பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் பதிந்து, எப்படியோ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு கசெற். அதில் ஊசி கீறிய சத்தம்கூட இருந்தது. ஆறாம் பாட்டில் 'நிலாவே' என்ற சொல் ஓரிடத்தில் சிக்கி, நிலாவே நிலாவே நிலாவே என்று மூன்று தரம் வரும். மனேச்சர் அதையும் அப்படியே பாண்காரருக்குப் பழக்கினார். "சனம் மூண்டு தரம் கேட்டுத்தான் பழகினது. ஒருக்காச் சொல்லி விட்டா ஏமாத்தினான் எண்டு நினைக்கும்" என்றார்.

அந்த றேடியோவுக்குள், வேகத்தைச் சமப்படுத்துகிற ஏதோ ஒரு சின்னச் சாமான் எப்போதோ எரிந்துபோயிருந்தது. கால் விரைந்தால் பாட்டும் விரையும், குரல் மெலியும். கால் தளர்ந்தால் பாட்டு இழுபடும், பாடுகிறவருக்குச் சளித் தடிமன் பிடித்தது போலக் குரல் இறங்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதனால்தான் மனேச்சர் ஆளைத் தேர்ந்தெடுத்தார். "பிள்ளை, நிறுவையில உமக்கு இருக்கிற நிதானம் காலிலயும் இருக்கும். ஏறும்" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மிதிப்பது என்பது யோசிப்பதற்கு மிகவும் வாய்ப்பான வேலை. கையும் வாயும் சும்மா இருக்கும். கால் தன்பாட்டில் போகும். முதலாம் பாட்டுத் தொடங்கும்போது எனக்கு முன்கதவைப் பூட்டினேனோ என்று வரும், கால் விரைந்துவிடும். இரண்டாம் பாட்டு நடுவில், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகள் கலைகிற மணி அடிக்கும். தங்கச்சியின் மகன் றோட்டைக் கடக்கிற நேரம் அது. உழவு மெசின்களும் லொறிகளும் வருகிற றோட்டு. அவன் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நான் கணிக்கிற வரைக்கும் பாட்டுப் பறக்கும். மூன்றாம் பாட்டில், காலையில் வந்த யாரோ ஒரு வயோதிபருக்கு மண்ணெண்ணெய் குறைத்து அளந்துவிட்டேனோ என்ற சந்தேகம் வந்து கால் சோரும். நாலாம் பாட்டில் நல்லாகவே சோர்ந்து, பாட்டு ஆகக் கீழே இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல வந்து, பிறகு மெல்ல எழும்பும். தினமும் ஒரே மணிக்கு ஏறுகிறேன், ஒரே பாட்டில் தொடங்குகிறேன், என் யோசனைகளும் கூப்பனுக்கு வரிசையில் நிற்கிற சனம் போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதை நான் அப்போது உணரவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

முதலில் சந்தேகப்பட்டவர் ட்றம்ஸ்காரர். "ஐயா, இது மேட்டுல மெசின் பெட்டி இழுக்குற மாதிரி இருக்குங்க. நாலாவது பாட்டுல கியர் மாத்தாம ஏறவே முடியல. அந்தக் காலத்துல இப்பிடியா வாசிச்சிருப்பாங்க?"

மனேச்சர் தீர்ப்பைச் சொன்னார். "காலில பிழை எண்டா நாளுக்கொரு இடத்தில பிழைக்கும். இது ஒவ்வொரு நாளும் அதே இடத்தில வருது. அப்ப அது காலில இல்லை, பாட்டில கிடக்கு. அதுதான் அவங்கட கெட்டித்தனம். இண்டைக்கு ஆர் இப்பிடி இழுப்பினம்?"

பாண்காரர் நாலாம் பாட்டின் அந்த இழுவையில் கண்ணை மூடிக்கொண்டு பாட வேண்டும் என்றும் முடிவானது. ஒரு கொப்பியில் மனேச்சர், இங்கே ஓட்டம், இங்கே இழுவை, இங்கே குரல் அரைப்படி இறக்கம் என்று குறித்து வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எல்லோரும் பழகினார்கள்.

ஊரில் வைப்பதாக முடிவான கச்சேரிக்கு இரண்டு கிழமை இருக்கையில் எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் போகவில்லை. மறுநாள் உடம்பு சுமார் என்றதும், நான் இல்லாமல் கடை என்னாகிறதோ என்ற அந்தரத்தில் மத்தியானம் புறப்பட்டுப் போனேன். பின்கதவடியில் நிற்கும்போது உள்ளே பாட்டுக் கேட்டது. நாலாம் பாட்டு. அது இறங்கவேயில்லை. நேராக, தார் றோட்டில் போவது போல, போய்க்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். சைக்கிளில் ட்றம்ஸ்காரர். நாள் முழுவதும் மெசின் ஓட்டுகிற கால். ஏறின வேகத்திலேயே நின்றது. அருகில் மனேச்சர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டடாப்பா. பாட்டைக் கொண்டுபோட்டாய். உனக்கு மிதிக்கவே தெரியேல்லை. நாளைக்குப் பிள்ளை வரட்டும்."

அந்தக் கதவடியில் எனக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது போல இருந்தது. இரண்டு மாதமாக இவர்கள் பழகியது இசைத்தட்டை அல்ல. முன்கதவுப் பூட்டை, றோட்டைக் கடக்கிற ஒரு சின்னப் பெடியனை, அரைப் போத்தல் மண்ணெண்ணெயைத்தான் இவ்வளவு நாளும் சுரம் பிடித்துப் பழகியிருக்கிறார்கள்.

சொல்லிவிடுவது என்று மூன்று தரம் போனேன். முதல் தரம், மனேச்சர் தையற்காரரோடு நின்றார். பெல்பொட்டம் தைக்கத் துணி இல்லை; இருக்கிற கால்சட்டைகளின் கீழ்ப்பக்கத்தைக் கிழித்து, நிவாரணத்துக்கு வந்த நீலப் பிளாஸ்ரிக் தறப்பாளில் முக்கோணம் வெட்டி வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் போட்டு நடந்து காட்டியபோது, பனையோலையை இழுத்துக்கொண்டு போவது போலச் சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோசத்தோடு நிற்கிற மனுசனுக்கு என்னென்று சொல்வது. இரண்டாம் தரம், "என்ன பிள்ளை முகம் கறுத்திருக்கு, நிறுவை பிழைச்சுதோ?" என்று அவரே கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் நான் வாயைத் திறக்குமுன் அவர் திறந்தார்.

"பிள்ளை, கேட்டீரே சங்கதி? அந்தக் குழுவில ட்றம்ஸ் அடிச்சவர் இடம்பெயர்ந்து வந்து தண்ணீரூற்றுச் சந்தியடியில இருக்கிறாராம். அதே ஆள். கதிரை போட்டு முன்னுக்கு இருத்தப் போறம்."

அதன்பிறகு நான் சாப்பிட்டது குறைவு. நடக்கப்போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இசைத்தட்டில் வாசித்த ஆளே முதல் வரிசையில் இருந்து, இது என்ன கூத்து என்று எழும்பிப் போவார். சனம் சிரிக்கும். மனேச்சர் தறப்பாள் கால்சட்டையோடு மேடையில் நிற்பார். பிறகு விசாரிப்பார்கள். விசாரித்தால் சைக்கிளில் வந்துதான் நிற்கும். என் வேலையும் போகும், அதைவிட, இருபத்தைந்து வருடமாக வேலிக்கு வெளியே நின்ற ஒரு மனுசனை உள்ளே கூட்டிவந்து மானத்தை வாங்கியது நான் என்றாகும்.

கச்சேரி பள்ளிக்கூட வளவில், பின்னேரம் மூன்று மணிக்கு. மா மூட்டை அடுக்கும் பலகைகளால் மேடை. தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டி, அதில் பூட்டிய டைனமோவிலிருந்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எடுத்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்காதபடி வளவின் மற்றத் தொங்கல் மூலையில் அதை வைத்ததால், மேடை இந்தக் கரை வேலிக்குக் கிட்டப் போய்விட்டது. சனம் நிறைய வந்திருந்தது. தண்ணீரூற்றுக்காரரும் வந்தார். மெலிந்த, நரைத்த மனுசன். கால்சட்டைக் கரை சங்கிலியில் படாமல் இருக்க உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குத்தியிருந்தார். அவ்வளவு தூரம் சைக்கிளில் வந்த களை முகத்தில் இருந்தது. அவருக்குக் கதிரை. அவருக்குப் பின்னால் நிலத்தில் நான். வேண்டுமென்றே அந்த இடத்தைப் பிடித்தேன், எழும்பிப் போகப் பார்த்தால் மறித்து விசயத்தைச் சொல்லிவிடலாம் என்று.

முதல் பாட்டுத் தொடங்கியது. தண்ணீரூற்றுக்காரரின் வலக்கை விரல் முழங்காலில் தட்டத் தொடங்கியது. எனக்கு மேடை தெரியவில்லை, அந்த விரல் மட்டும்தான் தெரிந்தது. பாட்டு என் பூட்டு யோசனையில் விரைந்தபோது விரல் தடுமாறிப் பின்னால் ஓடிப் பிடித்தது. இரண்டாம் பாட்டில் பள்ளிக்கூட மணி இடம் வந்தது. மேடையில் ஐந்து ஆண்கள் வியர்வை வழிய என் தங்கச்சி மகனை றோட்டுக் கடக்கப் பண்ணினார்கள். விரலால் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் பாட்டில் அது முந்திப் போய் வந்து சேர்ந்து, அடுத்த அடிக்காக ஆகாயத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது.

நாலாம் பாட்டில் இழுவை வந்தது. பாண்காரர் கண்ணை மூடினார். குரல் இறங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, "கடவுளே, என்ன சோகமாப் பாடுறான்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். விரல் முழங்காலில் படுத்துவிட்டது. பிறகு அந்த மனுசனின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாரோ அழுகிறாரோ என்று பின்னாலிருந்து தெரியவில்லை. இரண்டும் எனக்கு ஆபத்துத்தான். பாட்டு முடிந்ததும், கசெற்றைத் திருப்பிப் போடுகிற நேரத்துக்குச் சரியாக, குழு அரை நிமிசம் அசையாமல் நின்றது; அதுவும் மனேச்சரின் கொப்பியில் இருந்ததுதான். அந்த அரை நிமிசத்தில் நான் கதிரையின் பின்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. அவையில பிழை இல்லை. டைனமோவை மிதிச்சது நான். கண்டதையும் யோசிச்சு மிதிச்சுப்போட்டன். அவை அதை உங்கட பாட்டு எண்டு பழகீட்டினம்."

அவர் திரும்பினார். கண் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீரோ? அப்ப நானும் ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லாதையும். நாலாம் பாட்டில நான் ஒரு அடி முந்திப் போட்டனான். பதிஞ்சு முடிஞ்சபிறகுதான் தெரிஞ்சது. றெக்கோட் வித்துப் போச்சுது. இவ்வளவு வருசமா ஆர் கண்டு பிடிக்கப் போறாங்களோ எண்டு ஒரே பயம். வானொலியில அந்தப் பாட்டுப் போனா எழும்பி வெளிய போயிடுவன். இவங்கள் ஒரு சொட்டும் பிசகாமல் வாசிக்கப் போறாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். அப்ப அந்த அடியையும் விடமாட்டாங்கள் எண்டுதான், வாற வழியெல்லாம் பயந்து பயந்து வந்தனான்."

"அப்ப?"

"அந்த இடத்தில நீர் என்னமோ இழுத்து வைச்சிருக்கிறீர் பிள்ளை. என்ர அடி அந்த இழுவைக்குள்ள துலைஞ்சு போச்சு. எவ்வளவு தேடியும் காணேல்லை."

மிச்சம் நாலு பாட்டையும் நாங்கள் இரண்டு பேரும் ஆறுதலாகக் கேட்டோம். நிலாவே மூன்று தரம் வந்தபோது சனம் மூன்று தரமும் சேர்ந்து பாடியது. முடிந்ததும் அவர் மேடைக்குப் போய், மனேச்சரின் இரண்டு கையையும் பிடித்து, "நாங்கள் வாசிச்சதைவிடத் திறம்" என்றார். வளவு வேலிக்கு வெளியே உள்ளே வர இடமில்லாமல் நின்ற சில இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மனேச்சர் அந்தப் பக்கம் திரும்பி, கிற்றாரைத் தூக்கிக் காட்டினார்.

இப்போது அந்த எட்டுப் பாட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தங்கச்சியின் மகன்தான் எடுத்துத் தந்தான். பாதுகாப்பாக எல்லா றோட்டையும் கடந்து, இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. யாரும் மிதிக்கத் தேவையில்லை. எல்லாப் பாட்டும் ஒரே சீராகப் போகின்றன, கீறல் இல்லை, நிலாவும் ஒரு தரம்தான். கேட்கும்போது யாரோ பின்னால் நின்று கெதியாகக் கெதியாக என்று அவசரப்படுத்துவது போல இருக்கிறது. நாலாம் பாட்டில் அந்த முந்திய அடியை நான் கண்டுபிடித்துவிட்டேன். இருப்பது உண்மைதான். தண்ணீரூற்றுக்காரரும் மனேச்சரும் இப்போது உயிரோடு இல்லை என்பதால் எழுதுகிறேன். எழுதலாமோ என்று யோசித்தே இரண்டு வருடம் போனது.

ஆனால் மனேச்சரிடம் நான் மறைக்கவில்லை. கச்சேரி முடிந்த திங்கட்கிழமை, குழுவின் பெயர்ப்பலகையில் 'ஒரு சொட்டும் பிசகாத' என்று எழுதுவிக்கப் போவதாக அவர் சொன்னார். அதைச் சனம் பார்க்கும், வருடக் கணக்காகத் தொங்கும் என்று நினைத்ததும் என்னால் நிற்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, மணி, மண்ணெண்ணெய். தண்ணீரூற்றுக்காரரின் ரகசியத்தை மட்டும் விட்டுவிட்டேன். மனேச்சர் மா மூட்டையின்மேல் குந்தியிருந்து, கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பாக விரலை வைத்துக் கேட்டார். நாலாம் பாட்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது? இதில என்னத்தை யோசிச்சனீர்? இவ்வளவு இழுவை."

"நான் சரியா மிதிக்கேல்லையோ எண்டு, மனேச்சர். வேலையால நிப்பாட்டிப் போடுவியளோ எண்டு."

அவர் கொப்பியை மூடினார். "அதுக்கோ நான் பாண்காரனைக் கண்ணை மூடிப் பாடச் சொன்னனான்" என்று தனக்குள் சொன்னார். பிறகு எழும்பி, மேசை லாச்சியைத் திறந்து ஒரு கசெற்றை எடுத்தார். தண்ணீரூற்றுக்காரர் போகும்போது கையில் வைத்துவிட்டுப் போனதாம். அவருடைய குழு இரண்டாவதாக வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து பதிந்தது. அது அவ்வளவாகப் பேர் எடுக்கவில்லையாம்.

றேடியோவில் அதைப் போட்டு மூடினார். சைக்கிளைக் காட்டினார்.

"ஏறும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இனி ஒண்டையும் யோசியாமல் மிதிக்கிறன், மனேச்சர்" என்றேன்.

"அது வேண்டாம் பிள்ளை," என்றார், கொப்பியில் புதுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு. "நீர் வழமை போல யோசியும்."